பிரித்தானியாவில் மருத்துவக் கஞ்சாவைச் சட்டப்படி பெறுவது எப்படி? நோயாளிகளும் குடும்பத்தாரும் பேசும் இழை

பதிவு 1: வாணி (வடமேற்கு இலண்டன்)

அனைவருக்கும் வணக்கம். என் கணவருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் பல ஆண்டுகளாக இருக்கிறது. இப்போது அவரை அதிகம் வருத்துவது கால்களின் இறுக்கந்தான். இரவில் தொடைத் தசைகள் இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. காலையில் முழங்காலை மடக்குவதற்கே நெடுநேரம் ஆகிறது. முதலில் பாக்லோஃபென் கொடுத்தார்கள். அளவைக் கூட்டியபோது பகல் முழுவதும் தூக்கத்திலேயே இருந்தார். பிறகு காபாபென்டின் கொடுத்தார்கள். அதிலும் சொல்லும்படியான பயன் இல்லை.

இந்த நாட்டில் 2018ஆம் ஆண்டிலிருந்து கஞ்சாவிலிருந்து செய்த மருந்தை வைத்தியர் எழுதிக் கொடுக்கலாம் என்று படித்தேன். எங்கள் குடும்ப வைத்தியரிடம் கேட்டபோது, "அது என் கையில் இல்லை" என்பதோடு பேச்சு முடிந்துவிட்டது. சட்டம் அனுமதிக்கிறது என்றால் அது ஏன் அவர் கையில் இல்லை? நாங்கள் யாரிடம் கேட்க வேண்டும், எதைக் கையில் கொண்டுபோக வேண்டும்? வீட்டில் பெரியவர்கள் கஞ்சா என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார்கள் என்பதால் உறவினரிடம் கேட்கவும் வழியில்லை. தெருவில் கிடைப்பதை வாங்கும் எண்ணம் எங்களுக்கு அறவே கிடையாது. அறிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

பதிவு 2: குகன் (மருந்தாளர்)

வணக்கம் வாணி அக்கா. உங்கள் குடும்ப வைத்தியர் சொன்னது சுருக்கமாக இருந்தாலும் சட்டப்படி சரியானது. அதன் பின்னணியை விளக்கினால் அடுத்து எங்கே போக வேண்டும் என்பது உங்களுக்கே தெளிவாகும்.

2018 வரை இந்த நாட்டில் கஞ்சா, மருத்துவப் பயன் எதுவும் இல்லாத பொருள்கள் வைக்கப்படும் முதலாம் அட்டவணையில் இருந்தது. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில், கடுமையான வலிப்பு நோயுள்ள பில்லி கால்ட்வெல் என்ற சிறுவனுக்காக அவனுடைய தாய் கனடாவிலிருந்து கொண்டுவந்த எண்ணெய் ஹீத்ரோ விமான நிலையத்தில் பறிக்கப்பட்டது. சில நாள்களிலேயே சிறுவன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். நாடே அதைப் பேசியது. அன்றைய உள்துறை அமைச்சர் சஜித் ஜாவித் அவசர அனுமதி கொடுத்தார். அதே மாதத்தில் ஆல்ஃபி டிங்லி என்ற மற்றொரு சிறுவனுக்கும் உரிமம் கிடைத்தது. தலைமை மருத்துவ ஆலோசகராக இருந்த சாலி டேவிஸ், மருத்துவப் பயனுக்குச் சான்று உண்டு என்று அறிக்கை கொடுத்தார். 2018 நவம்பர் 1 முதல் கஞ்சா சார்ந்த மருந்துகள் இரண்டாம் அட்டவணைக்கு மாற்றப்பட்டன. மோர்ஃபின் இருப்பதும் அந்த அட்டவணையில்தான்.

ஆனால் அந்தத் திருத்தம் ஒரு கட்டுப்பாட்டோடு வந்தது. ஜி.எம்.சி. எனப்படும் பொது மருத்துவப் பேரவையின் நிபுணர் பதிவேட்டில் பெயருள்ள வைத்தியர் மட்டுமே, அல்லது அவருடைய வழிகாட்டுதலின் கீழ் எழுதுபவர் மட்டுமே, உரிமம் பெறாத, அதாவது மருந்தாக விற்கும் முறையான ஒப்புதல் இன்னும் கிடைக்காத, கஞ்சா மருந்தை எழுதலாம். குடும்ப வைத்தியர் தானாகத் தொடங்க முடியாது. இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: 2018இன் சட்டம் நிபுணருக்கு எழுதும் சுதந்திரத்தைத் தந்ததே தவிர, நோயாளிக்குப் பெறும் உரிமையைத் தரவில்லை. இதை அறியாமல் போகிறவர்கள்தாம் முதல் மறுப்பிலேயே மனமுடைந்து திரும்புகிறார்கள்.

உங்கள் கணவருடைய நிலையில் நல்ல செய்தி ஒன்று உண்டு. சாட்டிவெக்ஸ் என்ற வாய்த் தெளிப்பு மருந்து, இதே நோயின் தசை இறுக்கத்துக்காக 2010ஆம் ஆண்டிலேயே இங்கு உரிமம் பெற்றது. கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த, போதை தரும் டி.எச்.சி.யும் போதை தராத சி.பி.டி.யும் அதில் ஏறத்தாழச் சம அளவில் இருக்கின்றன. எந்தச் சிகிச்சையைப் பொது நிதியில் கொடுக்கலாம் என்று மதிப்பிடும் நைஸ் அமைப்பு, விலைக்கு ஏற்ற பயன் இல்லை என்று 2014இல் அதைத் தள்ளிவைத்தது. அதே ஆண்டில் வேல்ஸ் ஏற்றுக்கொண்டது. 2019 நவம்பரில் வெளிவந்த வழிகாட்டியில் நைஸும் நிலைப்பாட்டை மாற்றியது. மிதமான அல்லது கடுமையான இறுக்கம் இருந்து, மற்ற மருந்துகள் பயன் தராத பெரியவர்களுக்கு நான்கு வாரம் கொடுத்துப் பார்க்கலாம். பூச்சியம் முதல் பத்து வரை நோயாளியே தரும் மதிப்பெண்ணில் குறைந்தது 20 சதவீதம் இறுக்கம் தணிந்தால் தொடரலாம் என்பதே இப்போதைய விதி.

ஆகவே நீங்கள் போக வேண்டிய இடம் கணவரைப் பார்க்கும் நரம்பியல் நிபுணர், அல்லது அந்தப் பிரிவில் இருக்கும் எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) தாதி. "கஞ்சா கிடைக்குமா" என்று கேட்பதைவிட, "பாக்லோஃபெனும் காபாபென்டினும் பயன் தரவில்லை, நைஸ் வழிகாட்டியின்படி சாட்டிவெக்ஸ் முயற்சிக்கு இவர் தகுதி பெறுவாரா" என்று கேளுங்கள். இன்றிலிருந்தே ஒவ்வொரு நாளும் இறுக்கத்துக்கு ஒரு மதிப்பெண் எழுதி வையுங்கள். எந்த மருந்து, எந்த அளவில், எவ்வளவு காலம், ஏன் நிறுத்தப்பட்டது என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

பதிவு 3: செந்தில் (ரெடிங்)

குகன் சார், தெளிவான விளக்கத்துக்கு நன்றி. இதே இழையில் என் அம்மாவைப் பற்றியும் கேட்டுக்கொள்கிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை நோயால் வந்த நரம்பு வலி, இரண்டு பாதங்களிலும் நெருப்பில் நிற்பதுபோல் இருக்கிறது என்கிறார். அமிட்ரிப்டிலீன், டுலொக்செடீன் இரண்டும் பார்த்தாயிற்று. இணையத்தைத் திறந்தால் தனியார் கஞ்சா கிளினிக்குகளின் விளம்பரம் வந்தபடியே இருக்கிறது. அவற்றை நம்பலாமா?

இன்னொரு சந்தேகமும் உண்டு. எங்கள் ஊரில் ஆயுர்வேத நிறுவனங்கள் "விஜயா" என்ற பெயரில் கஞ்சா இலைச் சாற்று எண்ணெயை உரிமத்தோடு விற்கின்றன. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா என்ற வரையறைக்குள் பூவும் காயும் உள்ள நுனிப்பகுதிதான் வருகிறது. தனியாக எடுத்த இலை வராது என்பதால் அங்கே அதை விற்க முடிகிறது. உறவினர் வரும்போது அதை ஒரு புட்டி கொண்டுவரச் சொன்னால் தவறாகுமா?

பதிவு 4: மனோன்மணி (ஓய்வுபெற்ற தாதி)

நான் வலிச் சிகிச்சைப் பிரிவில் நெடுங்காலம் தாதியாக வேலை செய்தவள். தம்பி செந்திலுக்குச் சில விடயங்களை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

முதலில் அந்த எண்ணெய். அதைக் கொண்டுவரச் சொல்லவே வேண்டாம். இந்தியாவில் இலைக்கு இருக்கும் விலக்கு இந்த நாட்டுச் சட்டத்துக்குத் தெரியாது. டி.எச்.சி. உள்ள எண்ணெயை உரிமமின்றி எல்லைக்குள் கொண்டுவருவது இங்கே கட்டுப்படுத்தப்பட்ட பொருளை இறக்குமதி செய்த குற்றம். அகப்படுவது உங்கள் அம்மாவுக்கு அன்போடு சுமந்துவந்த உறவினராக இருக்கும்.

அடுத்தது வலி. எம்.எஸ். இறுக்கத்துக்கு நைஸ் கதவைத் திறந்தது உண்மை. நாட்பட்ட வலிக்குத் திறக்கவில்லை. அதே 2019 வழிகாட்டி, நாட்பட்ட வலிக்கு நாபிலோனையோ (டி.எச்.சி.யைப் போலச் செயற்கையாகச் செய்த மருந்து) டி.எச்.சி. உள்ள மருந்தையோ கொடுக்க வேண்டாம் என்றும், சி.பி.டி.யை மட்டும் கொடுப்பதானால் மருத்துவ ஆய்வுக்குள் கொடுக்கலாம் என்றும் சொல்கிறது. என்.எச்.எஸ். எனப்படும் தேசிய சுகாதார சேவையின் வலி நிபுணர் மறுத்தால், அவருக்கு மனம் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். உரிமம் பெறாத மருந்தை எழுதும் வைத்தியர் அதன் விளைவுக்குத் தானே பொறுப்பேற்கிறார். கையில் இருக்கும் ஆய்வுகளோ சிறியவை, குறுகிய காலத்தவை. டி.எச்.சி. உட்கொண்டவருக்கு அதன் மயக்கமே தெரிந்துவிடுவதால், யார் உண்மை மருந்து எடுத்தார், யார் போலி மருந்து எடுத்தார் என்பதை மறைத்து ஆய்வு செய்வதும் கடினம்.

நோயாளியின் துன்பத்தை நான் பல்லாண்டு பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதனால்தான், துன்பத்தில் இருப்பவரிடம் விளம்பரத்தோடு வருபவரைப் பற்றி எனக்கு அச்சம் இருக்கிறது.

பதிவு 5: குகன் (மருந்தாளர்)

மனோன்மணி அம்மா சொன்னதில் எண்ணெய் பற்றிய பகுதியை அப்படியே வழிமொழிகிறேன். வலி பற்றி என் கருத்து சிறிது வேறுபடுகிறது.

நைஸ் கேட்பது இரண்டு கேள்விகள்: மருந்து வேலை செய்கிறதா, செய்தால் அந்தப் பயன் பொது நிதியிலிருந்து கொடுக்கும் விலைக்கு ஏற்றதா. நாட்பட்ட வலியைப் பொறுத்தவரை, சிலருக்குக் கொஞ்சம் குறைகிறது, ஆனால் செலவோடு ஒப்பிட்டால் அது போதாது என்பதே அவர்களின் கணிப்பு. பொது நிதியைக் காக்கும் ஓர் அமைப்புக்கு அந்தக் கணிப்பு நியாயமானது. அதே கணிப்பை, மற்ற எல்லா மருந்தும் தோற்றுப்போன ஒரு தனி மனிதருக்கு முடிந்த முடிவாகச் சொல்ல முடியாது. வழிகாட்டி சட்டம் அல்ல. நிபுணர் தன் நோயாளிக்கு வேறு முடிவு எடுக்க அதில் இடம் இருக்கிறது. எடுப்பவர்கள் என்.எச்.எஸ்.ஸில் மிக அரிது என்பதால், இன்று இந்த நாட்டில் உரிமம் பெறாத கஞ்சா மருந்து எடுப்பவர்களில் ஏறக்குறைய எல்லோரும் சொந்தப் பணத்தில் தனியார் கிளினிக் வழியாகவே போகிறார்கள். இதில் எனக்கு ஆழ்ந்த வருத்தம் உண்டு. பணம் உள்ளவரின் வலிக்கு ஒரு வழியும் பணம் இல்லாதவரின் வலிக்கு இன்னொரு வழியும் இருப்பதற்காக பில்லியின் தாயும் ஆல்ஃபியின் தாயும் 2018இல் போராடவில்லை.

செந்தில், தனியார் வழியைப் பார்ப்பதானால் விளம்பரத்தை வைத்து முடிவு செய்யாமல் பதிவேடுகளைப் பாருங்கள். இங்கிலாந்தில் இயங்கும் கிளினிக் சி.க்யூ.சி. எனப்படும் பராமரிப்புத் தர ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். வைத்தியரின் பெயரை ஜி.எம்.சி. இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். அவர் நிபுணர் பதிவேட்டில் இருக்கிறாரா, எந்தத் துறையில் என்பது அதிலேயே தெரியும். நரம்பு வலிக்குப் போகும் அம்மாவை அந்தத் துறையோடு தொடர்பில்லாத ஒருவர் பார்க்கிறார் என்றால் கேள்வி கேளுங்கள். மருந்தை அனுப்பும் மருந்தகமும் பொது மருந்தகப் பேரவையின் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

பொதுவாக அவர்கள் எதிர்பார்ப்பது, நோய் உறுதி செய்யப்பட்டிருப்பதும், உரிமம் பெற்ற மருந்துகள் குறைந்தது இரண்டையாவது முயன்று பயன் இல்லாமல் போயிருப்பதும் ஆகும். இதற்கு உங்கள் ஜி.பி. (குடும்ப வைத்தியர்) பதிவுகளின் சுருக்கம் தேவை. அதைக் கேட்டுப் பெறுவது தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் உரிமை. கட்டணம் கிடையாது, பொதுவாக ஒரு மாதத்துக்குள் தந்தாக வேண்டும். "எதற்கு" என்று காரணம் சொல்ல வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை. ஆனாலும் ஜி.பி.யிடம் மறைக்க வேண்டாம் என்றே சொல்வேன். அம்மாவின் மற்ற மருந்துகளை எழுதுபவர் அவர்தானே?

வைத்தியர் ஒப்புக்கொண்டால், இங்கிலாந்தில் இளஞ்சிவப்பு நிறத் தனியார் மருந்துச் சீட்டு எழுதப்படும். 28 நாள்கள் வரைதான் அது மருந்தகத்தில் செல்லுபடியாகும். பொதுவாக ஒரு முறைக்கு 30 நாளுக்கான மருந்துக்கு மேல் எழுத மாட்டார்கள். ஆலோசனைக் கட்டணம், மருந்தின் விலை, பிறகு வரும் மறுபார்வைக் கட்டணம் மூன்றையும் எழுத்தில் வாங்கிய பிறகே தொடங்குங்கள். முதல் ஆலோசனையை மலிவாகக் காட்டி, மாதச் செலவைப் பின்னால் சொல்லும் இடங்கள் உண்டு.

கடைகளில் கிடைக்கும் சி.பி.டி. எண்ணெயை இதோடு சேர்த்து எண்ண வேண்டாம். அது உணவு நிரப்பியாக விற்கப்படுகிறது. நலமான பெரியவர்கள் ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் எடுக்க வேண்டாம் என்று உணவுத் தர முகமை 2023இல் அறிவுறுத்தியது. மருந்தாகச் செயல்படும் அளவுகள் அதைவிடப் பல மடங்கு பெரியவை.

பதிவு 6: ஆதவனின் அப்பா

இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் மகனுக்கு ட்ராவே நோய்க்குறி. கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலோடு தொடங்கிய வலிப்பு, பிறகு காய்ச்சல் இல்லாமலே வந்தது. இப்போது அவன் எடுக்கும் மருந்துகளில் ஒன்று எபிடையோலெக்ஸ். கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுத்த தூய சி.பி.டி. திரவம்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கஞ்சா மருந்து என்.எச்.எஸ்.ஸில் கிடைக்கவே கிடைக்காது என்ற எண்ணம் நம் மக்களிடையே பரவியிருக்கிறது. அது உண்மை அல்ல. ட்ராவே, லெனாக்ஸ்-காஸ்டோ என்ற இரண்டு வலிப்பு நோய்களுக்கும் 2019 டிசம்பரிலிருந்து க்ளோபசாம் என்ற வலிப்பு மருந்துடன் சேர்த்து இந்த மருந்தைக் கொடுக்க நைஸ் பரிந்துரைக்கிறது. டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் நோயில் வரும் வலிப்புக்கு 2023இல் பரிந்துரை வந்தது. இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்குக் கொடுக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்ப்பார்கள். ட்ராவேயில், மருந்துக்கு முன்பிருந்த ஆறு மாதத்தோடு ஒப்பிட்டு வலிப்பு 30 சதவீதமாவது குறையாவிட்டால் நிறுத்திவிடுவார்கள். ஆகவே வாணி அக்காவுக்குச் சொன்ன நாட்குறிப்பு எங்களுக்கும் மருந்தளவுக்கு முக்கியம். ஒவ்வொரு வலிப்பும் எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது, எந்த வகை என்று என் மனைவி எழுதி வைக்கும் புத்தகத்தைப் பார்த்துத்தான் நிபுணர் முடிவு எடுக்கிறார்.

ஆனால் எல்லாக் குழந்தைக்கும் இது போதவில்லை. டி.எச்.சி.யும் சிறிதளவு உள்ள முழுச் சாற்று எண்ணெய் பயன்படுகிறது என்று சொல்லும் பெற்றோரை நான் அறிவேன். பில்லியும் ஆல்ஃபியும் எடுத்தவை அந்த வகையைச் சேர்ந்தவைதாம். அவை உரிமம் பெறாதவை என்பதால் என்.எச்.எஸ். நிபுணர்கள் எழுதத் தயங்குகிறார்கள். பெற்றோர் தனியார் சீட்டில் மாதாமாதம் பெருந்தொகை கட்டுகிறார்கள். அவர்களில் சிலர் நெதர்லாந்திலிருந்து வந்த எண்ணெயை நம்பியிருந்தபோது, 2021 ஜனவரியில் பிரெக்ஸிட் காரணமாக இந்த நாட்டுச் சீட்டுக்கு அங்கே மருந்து கொடுக்க முடியாது என்ற நிலை வந்தது. வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து என்பதை அறிந்த பெற்றோருக்கு அந்த நாள்கள் எப்படி இருந்திருக்கும்! குழந்தைக்கு எந்த மருந்தைத் தொடங்கினாலும், அது எங்கே செய்யப்படுகிறது, கிடைக்காமல் போனால் மாற்று என்ன என்று முதல் நாளிலேயே கேளுங்கள்.

என்.எச்.எஸ். மறுக்கும் குழந்தைக்கு இன்னும் ஒரு படி இருக்கிறது. கடும் வலிப்புக்கான நிபுணர் ஆலோசனைக் குழுவுக்கு உங்கள் நரம்பியல் நிபுணர் குழந்தையின் விவரத்தை அனுப்பிக் கருத்துக் கேட்கலாம். அவர் தாமாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். நைஸ் தன் வழிகாட்டியைப் பற்றி 2021 மார்ச்சில் ஒரு தெளிவுரை வெளியிட்டது: பரிந்துரை இல்லை என்பதைத் தடை என்று பொருள் கொள்ளக் கூடாது, குழந்தைக்கு உகந்தது என்று நிபுணர் கருதினால் எழுதலாம் என்று அதில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போனால் பேச்சு வேறு விதமாகப் போகும்.

பதிவு 7: வாணி (வடமேற்கு இலண்டன்)

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. எம்.எஸ். தாதிக்கு இன்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். மதிப்பெண் எழுதும் கொப்பியையும் தொடங்கிவிட்டோம். ஒரு கவலை மட்டும் மீதி இருக்கிறது. இறுக்கம் குறைவான நாள்களில் அவர் கார் ஓட்டுவார். சாட்டிவெக்ஸில் டி.எச்.சி. இருப்பதால், பொலிஸ் மறித்துச் சோதித்தால் என்ன ஆகும்?

பதிவு 8: ரவி (குறொய்டன்)

அக்கா, விபத்தில் முதுகுத்தண்டு நரம்பு பாதிக்கப்பட்டவன் நான். தனியார் சீட்டில் கஞ்சா எண்ணெயும் உலர்ந்த கஞ்சாப் பூவும் எடுக்கிறேன். ஓட்டுவது பற்றி என் வைத்தியரிடம் விரிவாகக் கேட்டு அறிந்ததை எழுதுகிறேன்.

2015 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி, ஒரு லீற்றர் இரத்தத்தில் 2 மைக்ரோகிராமுக்கு மேல் டி.எச்.சி. இருக்கும்போது வாகனம் ஓட்டுவது குற்றம். மிகச் சிறிய அளவு அது. மருந்தாக எடுப்பவர் எளிதில் அதைத் தாண்டிவிடுவார். ஆனால் அதே சட்டத்தில் மருத்துவத் தற்காப்பு என்ற பிரிவு இருக்கிறது. மருந்து உங்களுக்குச் சட்டப்படி எழுதப்பட்டது, வைத்தியரும் மருந்தாளரும் சொன்னபடியே எடுத்தீர்கள் என்றால் அந்தத் தற்காப்பு பொருந்தும். இது சொன்ன அளவுக்கு மேல் எடுத்தவருக்குக் கை கொடுக்காது. இன்னும் முக்கியமாக, ஓட்டும் திறன் குறைந்திருந்தால் சீட்டு இருந்தாலும் வேறொரு பிரிவின் கீழ் குற்றந்தான். மருந்து தொடங்கும் காலத்திலும் அளவை மாற்றும் காலத்திலும் நான் ஓட்டுவதே இல்லை. தலை சுற்றினாலோ, கண் மந்தமானாலோ அன்று சாவியைத் தொடுவதில்லை. எம்.எஸ். நோய் பற்றி, ஓட்டுநர் உரிமம் வழங்கும் டி.வி.எல்.ஏ.வுக்கு அறிவிக்க வேண்டியது தனிக் கடமை. அதை நீங்கள் முன்பே செய்திருப்பீர்கள்.

பொலிஸ் விடயத்தில், மருந்தை எப்போதும் மருந்தகத்தின் பெயர்ச்சீட்டு ஒட்டிய மூலப் பெட்டியிலேயே வைத்திருங்கள். சீட்டின் படியும் வைத்தியரின் கடிதமும் கைபேசியில் இருக்கட்டும். பணம் வாங்கிக்கொண்டு அடையாள அட்டை தரும் அமைப்புகள் இருக்கின்றன. அந்த அட்டைக்குச் சட்ட வலிமை எதுவும் இல்லை. வலிமை உள்ளது மருந்துச் சீட்டுக்கும் பெயர்ச்சீட்டுக்கும் மட்டுமே.

பூ எழுதப்பட்டவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அதைச் சுருட்டிப் புகைப்பதை 2018ஆம் ஆண்டுத் திருத்தமே தடை செய்கிறது. ஆவியாக்கும் கருவியில் சூடாக்கி இழுக்கலாம். சீட்டோடு வாங்கிய பூவையே பற்றவைத்துப் புகைத்தால் அந்த நேரத்தில் சட்டப் பாதுகாப்பை நீங்களே கைவிடுகிறீர்கள். உங்கள் மருந்தில் ஒரு துளியைக்கூட இன்னொருவருக்குக் கொடுப்பதும் அப்படித்தான், அவர் உங்களைவிட அதிகம் துன்பப்படுபவராக இருந்தாலும். தங்கள் தோட்டத்தில் ஒரு கஞ்சாச் செடி வளர்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். சீட்டு இருந்தாலும் வளர்க்க இந்த நாட்டில் அனுமதி இல்லை.

பதிவு 9: மனோன்மணி (ஓய்வுபெற்ற தாதி)

தம்பி ரவி எழுதியது மிகவும் பயனுள்ளது. செந்திலின் அம்மாவைப் போன்ற வயதானவர்களுக்காக மருத்துவப் பக்கத்தையும் சேர்க்கிறேன்.

டி.எச்.சி. இரத்த அழுத்தத்தைத் திடீரென்று இறக்கி, எழுந்து நிற்கும்போது மயக்கம் தரலாம். இதயத் துடிப்பையும் விரைவாக்கும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்த ஒரு முதியவர் இரவில் கழிப்பறைக்கு எழும்போது விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், வலிக்குத் தொடங்கிய மருந்து வேறொரு பெருந்துன்பத்தில் கொண்டுபோய் விடும். வாயால் எடுக்கும் எண்ணெய் வேலை செய்ய ஒன்று இரண்டு மணி நேரம் ஆகலாம். இன்னும் ஒன்றும் தெரியவில்லையே என்று மறுபடி எடுப்பவர்கள்தாம் அதிகம் துன்பப்படுகிறார்கள். மிகச் சிறிய அளவில், இரவில் தொடங்கி, நாள்கள் இடைவெளி விட்டு மெதுவாகக் கூட்டுவதே முறை.

அவர் எடுக்கும் மற்ற மருந்துகளின் முழுப் பட்டியலையும் கொடுங்கள். சி.பி.டி. கல்லீரலில் சில மருந்துகள் உடைவதைத் தடுக்கிறது. வார்ஃபரின் எடுப்பவருக்கு இரத்தம் உறையும் நேரம் மாறலாம். சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்குப் பின் டாக்ரோலிமஸ் எடுப்பவருக்கு அந்த மருந்தின் அளவு ஏறலாம். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தோடு சேரும்போது கல்லீரல் பரிசோதனை தேவை. உங்கள் ஊர்ச் சூரணம், கசாயம் எதுவானாலும் அதையும் சொல்லுங்கள். அம்மாவுக்கோ நெருங்கிய இரத்த உறவுக்கோ மனச்சிதைவு நோய் இருந்தால் அதை மறைக்கவே கூடாது. நம் குடும்பங்கள் வெளியில் சொல்லத் தயங்கும் செய்தி அது என்பதை அறிவேன். இந்த ஒரு மருந்துக்கு அது கட்டாயம் தேவைப்படும் செய்தி.

குகன் தம்பி சொன்ன பணம் பற்றிய வருத்தத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆய்வு போதாது என்று சொல்லும் அரசு, ஆய்வுக்கு நிதி கொடுக்க வேண்டும் என்று நானும் விரும்புகிறேன்.

பதிவு 10: செந்தில் (ரெடிங்)

மனோன்மணி அம்மா, நீங்கள் எழுதியதை வரி வரியாக அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முதலில் ஜி.பி.யிடம் காபாபென்டினோ ப்ரீகாபலினோ முயலலாமா என்று கேட்பது, வலிப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்குவது, பதிவுச் சுருக்கத்தையும் கேட்டு வைப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். அதற்கும் பிறகுதான் தனியார் கிளினிக். அப்படி ஒருநாள் மருந்து கிடைத்தால், அம்மா ஆண்டுதோறும் சென்னைக்குப் போகும்போது அதை எடுத்துச் செல்லலாமா?

பதிவு 11: குகன் (மருந்தாளர்)

நல்ல வரிசை அது, செந்தில். பயணத்தைப் பற்றித் தெளிவாகச் சொல்கிறேன், ஏனெனில் நம் மக்களுக்கு இதில்தான் ஆபத்து அதிகம்.

இந்த நாட்டைவிட்டு வெளியேறும்போதும் திரும்பும்போதும், மூன்று மாதத்துக்குக் குறைவான அளவு என்றால் உள்துறை அமைச்சின் தனி உரிமம் தேவையில்லை. மருந்து உங்களுடையது என்று காட்டும் வைத்தியர் கடிதம் போதும். ஆனால் அந்தக் கடிதத்தின் வலிமை இந்த எல்லையோடு முடிந்துவிடுகிறது. பிரித்தானியச் சீட்டு இந்தியாவில் அனுமதி ஆகாது. ஊரில் இலை எண்ணெய் விற்கிறது என்பதால் இங்கிருந்து கொண்டுபோகும் டி.எச்.சி. எண்ணெய்க்கு விலக்கு கிடைத்துவிடாது. அது பூவிலிருந்து எடுத்த சாறு, அங்கே 1985ஆம் ஆண்டின் சட்டத்துக்கு உட்பட்டது. இலங்கைக்குப் போகும் குடும்பங்களுக்கும் இதையே சொல்கிறேன். அங்கே 1929ஆம் ஆண்டின் நச்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் கஞ்சாவைக் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. போகும் நாட்டின் தூதரகம் எழுத்தில் அனுமதி தந்தாலன்றி எடுத்துச் செல்லக் கூடாது.

விமானம் மாறும் இடத்தையும் சேர்த்து எண்ணுங்கள். சென்னைக்கும் கொழும்புக்கும் போகும் நம்மில் பலர் துபாய் வழியாகவோ சிங்கப்பூர் வழியாகவோ போகிறோம். இரண்டு நாடுகளின் போதைப்பொருள் சட்டங்களும் மிகக் கடுமையானவை. பைக்குள் இருப்பது மருந்து என்ற விளக்கம் அங்கே எடுபடும் என்று நம்பிப் போகக் கூடாது. கனடாவில் கஞ்சா சட்டப்படி விற்கப்படுகிறது என்று எண்ணி ரொறன்ரோவுக்கு எடுத்துச் செல்பவர்களும் கவனிக்க வேண்டும். அந்த நாட்டுக்குள் கஞ்சாவைக் கொண்டுபோவதும் அங்கிருந்து வெளியே கொண்டுவருவதும், மருத்துவச் சீட்டு இருந்தாலும், குற்றமே.

இது வாணி அக்காவின் கணவருக்குக் கிடைக்கக்கூடிய சாட்டிவெக்ஸுக்கும் பொருந்தும். ஊர்ப் பயணம் திட்டமிட்டால், பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே நிபுணரிடம் பேசுங்கள். மருந்தை எப்படிக் குறைத்து நிறுத்துவது, அந்த வாரங்களில் இறுக்கத்துக்கோ வலிக்கோ எந்த மருந்தைக் கொண்டுபோவது என்பதை அவர் எழுதித் தருவார். ஆதவனின் அப்பா போன்றவர்கள் வலிப்பு மருந்தை இடையில் நிறுத்தவே முடியாது என்பதால், எபிடையோலெக்ஸுக்குத் தூதரக அனுமதி வரும் வரை பயணச்சீட்டைப் பதிவு செய்யாமல் காத்திருங்கள்.